போகிப் புகையும் பொய்த்த கணிப்பும்

தை பிறந்து இரண்டு வாரம் ஆகியும் போகியைப் பற்றிய கடிதங்கள் நின்றபாடில்லை. அதனால் இந்த முறை பதில்கள் எல்லாமே புகையைச் சுற்றித்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: நான் பெரம்பூர்க்காரி. 27 வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் காற்றிலிருந்து பிடித்த தூசியை எடைபோட்டவள். கணினி மாடல் போட்டவள் இல்லை. மாடல் போட்டவர்கள் வந்து நிற்கும்போது, "உங்க கணக்கு தப்பு, என் தாளைப் பாருங்க" என்று சண்டை போட்டவள்.

*

"போகிக்கு முந்தின ராத்திரி போனில் பார்த்தேன். நாளைக்குக் காற்று 'மிதமான' தரம் என்று போட்டிருந்தது. விடிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிப்படியே தெரியவில்லை. மாமியாருக்கு ஆஸ்துமா. இந்தக் கணிப்பை நம்பி என்ன பிரயோஜனம்?" – ஓர் இல்லத்தரசி, வியாசர்பாடி

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கணிப்பைப் போடும் கணினி மாடலுக்குப் போகி என்று ஒரு பண்டிகை இருப்பதே தெரியாதம்மா.

காற்றுத் தர மாடல் என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஊரைத் தரையிலிருந்து வானம் வரை பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு புகை புதிதாக வந்தது, காற்று எவ்வளவைப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளியது, வெயிலில் எது எதுவாக மாறியது, எவ்வளவு தரையில் படிந்தது என்று சில நிமிஷத்துக்கு ஒரு முறை கணினி கூட்டிக் கழிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 'சிமேக்' இந்த வகை. 'டபிள்யூஆர்எஃப்-கெம்' இன்னொன்று. டெல்லிக்கு 2018இலிருந்து முன்னெச்சரிக்கை கொடுக்கும் அமைப்பு இந்த இரண்டாவதை வைத்துத்தான் ஓடுகிறது.

இதில் வரவுப் பக்கத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும். எங்கே எவ்வளவு புகை கிளம்புகிறது என்ற பட்டியல். உலகம் முழுக்கப் பலரும் எடுத்துக்கொள்ளும் 'எட்கார்' பட்டியலில் ஒரு கட்டம் சுமார் 11 கிலோமீட்டர். வியாசர்பாடி, கொடுங்கையூர், ராயபுரம், புரசைவாக்கம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போய்விடலாம். அந்தக் கட்டத்துக்கு ஜனவரி மாதத்தில் இவ்வளவு லாரி, இவ்வளவு அடுப்பு, இவ்வளவு ஆலை என்று ஒரு சராசரி இருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு விடியலில், தெருவுக்கு நாலு இடத்தில், பழைய பாயும் தலையணையும் யாரோ ஒளித்துவைத்த டயரும் எரிவது எந்தச் சராசரியிலும் வராது.

செயற்கைக்கோள் பார்க்காதா என்று கேட்பீர்கள். தீயைக் கண்டுபிடிக்கும் 'விர்ஸ்' என்ற கருவி நம் தலைக்கு மேல் வருவது ராத்திரி ஒன்றரை மணி வாக்கிலும் மதியம் ஒன்றரை மணி வாக்கிலும்தான். நம் ஆட்கள் கொளுத்துவது நாலு மணிக்கு. பிள்ளைகள் போகிக் கொட்டு அடித்து முடித்து, சாம்பலைப் பெருக்கித் தண்ணீரும் தெளித்தபிறகு அது அடுத்த முறை எட்டிப் பார்க்கும். அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது 375 மீட்டர். காடு எரிந்தால் நன்றாகத் தெரியும். உங்கள் தெருமுனையில் எரிந்த பாய் எங்கே தெரியப் போகிறது?

அடுத்தது கூரை. பகலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் புரளும்போது புகைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட இடம் கிடைக்கும். மார்கழிக் கடைசி விடியலில் தரை குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று மூடியாக உட்கார்ந்துவிடும். அப்போது கிடைப்பது நூறு இருநூறு மீட்டர்தான். மாடல் 300 மீட்டர் என்று நினைத்து, நிஜத்தில் 100 மீட்டர் இருந்தால், அதே புகை மூன்று மடங்கு அடர்த்தியாகிவிடும். வானிலைத் துறையின் பலூன் மீனம்பாக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை, காலை மாலை ஐந்தரை மணிக் கணக்குக்காக, மேலே போகிறது. ராத்திரி அந்த மூடி எப்போது விழுந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்று இடையில் பார்க்க ஆளில்லை.

2018 போகி ஞாபகம் இருக்கிறதா? புகையும் பனியும் சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. அந்தக் காலை நான் மொட்டை மாடியில் நின்றேன். கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தால் கறுப்பு, ஈரம், பிசுக்கு. வெறும் தூசி அப்படி ஒட்டாது. அந்த ஈரத்தைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். தினமும் மாலை வருகிற காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. விடிகாலை மூன்று மணி நேரம் மூச்சு முட்டினாலும், மீதி நேரம் கடல் காற்று அடித்தால் நாள் கணக்கில் அது பாதியாகக் கரைந்துவிடும். உங்கள் மாமியாருக்குச் சராசரியால் இரைப்பு வருவதில்லை.

சரி செய்ய முடியாதா? முடியும். பஞ்சாங்கத்தைப் பார்த்து மாடலுக்குச் சொன்னாலே போதும். போன வருஷங்களின் போகிக் காலையில் கொடுங்கையூர், ராயபுரம், மணலி நிலையங்களில் அளவு எத்தனை மடங்கு ஏறியது என்று எடுத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எவ்வளவு எரிந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். அதை அந்த ஒரு நாளுக்கு மட்டும் வரவில் ஏற்ற வேண்டியதுதான். தீபாவளிக்கும் இப்படியே. இங்கே வெடிக்க அனுமதித்த நேரம் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. மாடல்காரருக்கு இதைவிட வசதி உண்டா! (யாரும் அந்த நேரத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும், அது வேறு விஷயம்.)

அடுத்த போகிக்கு முந்தின இரவே சன்னல்களைச் சாத்துங்கள். வெயில் ஏறி, ஒன்பது பத்து மணிக்குத் திறந்தால் போதும். சாம்பலைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டாக்டர் கொடுத்த பஃப் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

*

"ஆன்லைனில் ஒரு சின்ன கருவி வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அது பிஎம் 2.5 அளவை 140 என்கிறது. வேளச்சேரி அரசு நிலையம் அதே நேரம் 60 சொச்சம். யார் பொய் சொல்கிறார்கள்?" – ஐடி ஊழியர், பள்ளிக்கரணை

இரண்டுமே மெய். (பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) உங்கள் கருவி தண்ணீரையும் சேர்த்து எண்ணுகிறது.

வீட்டில் உப்பு ஜாடியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு கட்டிதட்டி, அடியில் தண்ணீர் விட்டுவிடும். அதற்குத்தானே நம் வீடுகளில் நாலு அரிசியைப் போட்டு வைக்கிறோம்! காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே கரைய ஆரம்பிக்கும். காற்றில் மிதக்கும் உப்புத் துகளுக்கும் இதுதான் விதி. 90 சதவீத ஈரத்தில் அதன் குறுக்களவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். நிலக்கரி, டீசல் புகையிலிருந்து உருவாகும் அம்மோனியம் சல்பேட் துகள் சுமார் ஒன்றே முக்கால் மடங்கு ஊதும். எண்ணெய்ப் பிசுக்கான கரிமத் துகள் கொஞ்சமாகத்தான் ஊதும். புதுசாக வந்த டீசல் கரி தண்ணீரைச் சட்டையே செய்யாது.

உங்கள் கருவிக்குள் ஒரு லேசர் இருக்கிறது. துகள் சிதறடிக்கும் வெளிச்சத்தை வைத்து அது எடையை ஊகிக்கிறது. ஊதிப்போன துகள் அதிகமாகச் சிதறடிக்கும். அதனால் 140. அரசு நிலையத்தில் இருக்கும் கருவி உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி, ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் அளக்கிறது. அதனால் 60. பத்து மணிக்கு மேல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தில் வந்திருக்கும்.

எனக்கு இது படிப்பில் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது. எங்கள் வேலை இப்படி: காற்றை நிமிஷத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் ஒரு வட்ட வடிகட்டித் தாள் வழியாக இழுக்க வேண்டும். அது மொத்தம் 24 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் தூசி இருந்தால் தாளில் சேருவது 1.2 மில்லிகிராம், அதாவது பாதி எள். அந்தப் பாதி எள்ளைத்தான் எடை போட வேண்டும். போடுவதற்கு முன் தாளை ஒரு நாள் முழுக்க, ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்த அறையில் ஆற விட வேண்டும். அமெரிக்க முறையில் அந்த ஈரம் 30 முதல் 40 சதவீதம்.

ஒரு நவம்பரில், நான்கு நாள் விடாமல் மழை. எடை அறையின் ஏசி இரவில் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. காலையில் நான் எடுத்த அத்தனை தாளும் முந்தின வாரத்தைவிடக் கனம். மழை நாளில் ஊர் இவ்வளவு அழுக்காக எப்படி என்று குழம்பி, அந்த எண்களை நோட்டில் ஏற்றியும்விட்டேன். சாயங்காலம் மேலதிகாரி வந்து, புத்தம் புதிய வெறும் தாள் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார். எண் அமைதியாகவே நின்றது. தூசி படிந்த தாளை வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்தேன். அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாடல் போடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாடல் தரும் எண் ஈரத்தோடா, காயவைத்தா? அளவீடு எந்த ஈரத்தில் எடுத்தது? இதைக் கேட்காமலே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மாடல் 20 சதவீதம் குறைவு" என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் துகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை ஒரே எண்ணில் அடக்கும் வழியை 2007இல் பெட்டர்ஸ், கிரெய்டன்வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். 'கப்பா' என்று அதற்குப் பெயர். உப்புக்கு ஒன்றுக்கு மேல், அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6 வாக்கில், கரிமத் துகளுக்கு 0.1 வாக்கில். சென்னை மாதிரி கடலோர ஊருக்கு இந்த எண் தப்பானால் மூடுபனி தப்பும், மேகம் தப்பும், கண்ணுக்கு எட்டும் தூரமும் தப்பும்.

கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது போதும்.

*

"எங்கள் பகுதியில் சில இரவுகளில் வாடை தாங்க முடியாது. ஆனால் புகை ஒன்றும் கண்ணில் படாது. அடுத்த நாள் செய்தியில் நுண்துகள் அதிகம் என்கிறார்கள். புகையே இல்லாமல் துகள் எங்கிருந்து வருகிறது?" – ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, திருவொற்றியூர்

ஐயா, துகள்களில் இரண்டு ஜாதி. ஒன்று பிறக்கும்போதே துகள்: டீசல் கரி, சாலைப் புழுதி, கடல் உப்பு. இன்னொன்று வாயுவாகக் கிளம்பி, வழியில் துகளாக மாறுவது. உங்கள் மூக்குக்குத் தெரிவது அந்த வாயு.

சிம்னியிலிருந்து கந்தக டையாக்சைடு வருகிறது. வெயிலில் அது மெதுவாகத்தான் சல்பேட் ஆகும், மணிக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில். மேகத்துளிக்குள்ளோ பனித்துளிக்குள்ளோ மாட்டிக்கொண்டால் கிடுகிடுவென்று மாறிவிடும். அப்புறம் சாக்கடை, மாட்டுத் தொழுவம், உரம் ஆகியவற்றிலிருந்து வரும் அம்மோனியாவைக் கண்டதும் கைகோத்துக்கொள்ளும். இத்தனையும் நடப்பதற்குள் காற்று அதை எங்கேயோ கொண்டுபோயிருக்கும். மணலியில் கிளம்பிய வாயு துகளாகி விழுவது பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கலாம். உங்கள் ஊரில் நீங்கள் சுவாசிக்கும் சல்பேட்டும் வேறு எங்கோ கிளம்பியதாக இருக்கலாம்.

வடசென்னையில் கடல் காற்று வேறு ஒரு வேலை செய்யும். உயரமான சிம்னியின் புகை, கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் கலையாமல் கயிறு மாதிரி உள்ளே போகும். நிலத்துக்குள் சில கிலோமீட்டர் போனதும், சுட்ட தரையிலிருந்து புரண்டெழும் காற்று அந்தக் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். சிம்னியின் காலடியில் இருப்பவனுக்கு ஒன்றும் இருக்காது, மாதவரத்தில் இருப்பவன் இருமுவான். 10 கிலோமீட்டர் பெட்டி வைத்த மாடலுக்கு இது புரியவே புரியாது. பெட்டி ஒரு கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும்.

குளோரைடு என்று ஒன்றும் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சச்சின் குந்தே தலைமையில் செய்த ஆய்வு 2021இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் வந்தது. டெல்லியிலும் சென்னையிலும் துகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்தார்கள். டெல்லியில் குளோரைடு எப்போதும் அதிகம், சென்னையில் அவ்வப்போது திடீரென்று அதிகம். பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதும் ஆலைகளும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். குளோரைடு தண்ணீரை இழுத்துக் குடிக்கும். டெல்லியில் பார்வைத்தூரம் குறைவதில் ஏறக்குறைய பாதிக்கு அதுதான் காரணம் என்பது அவர்கள் கணக்கு. இதைப் படித்தபோதுதான் கொடுங்கையூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்கு வந்த சில தாள்கள் ஏன் அறையில் வைத்தும் ஆற மறுத்தன என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. நிரூபிக்க இன்று அந்தத் தாள் இல்லை.

வாடை வரும் நேரத்தையும் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதையும் ஒரு டைரியில் குறித்து வையுங்கள். தேதியும் மணியும் போட்ட ஒரு மாதக் குறிப்புக்கு, "தினமும் நாறுது" என்ற மனுவைவிட மதிப்பு அதிகம்.

*

"மழை பெய்தால் காற்று கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?" – மயிலாப்பூர் வாசகர்

பாதி. விழும் துளி பெரிய தூசியை இடித்து எடுத்துக்கொண்டு போகும். மிக மிகச் சின்னது தள்ளாடித் தள்ளாடித் தானே வந்து துளியில் ஒட்டும். நடுவில் 0.1 முதல் ஒரு மைக்ரான் வரை இருப்பது, துளியைச் சுற்றி வழுக்கும் காற்றோடு நழுவித் தப்பிவிடும். நுரையீரலுக்குள் ஆழமாகப் போவதில் அதுவும் ஒன்று. அதை முக்கியமாகப் பிடிப்பது மேகம்தான். துளியின் கருவாகவே அதை ஆக்கிக்கொள்ளும். ஆகவே தூறலை நம்பாதீர்கள், அடைமழையை நம்பலாம்.

*

"எம்.டெக். ப்ராஜெக்டுக்கு, சென்னைக்கான காற்றுத் தர மாடலில் துகள்களின் கணக்கை மேம்படுத்தலாம் என்று இருக்கிறேன். எங்கே கை வைப்பது? ஏஐ வந்துவிட்ட பிறகு இந்த மாடல்களே தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்." – மாணவர், கிண்டி

தம்பி, இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நாளைக்கு எண் எவ்வளவு என்று சொல்ல ஏஐ நன்றாகவே செய்யும். மாடலின் வழக்கமான தப்பைத் திருத்தவும் உதவும். ஆனால் அது படித்தது பழைய கேள்வித்தாள்களை மட்டும். "லாரிகளைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால், அப்படி ஒரு நாளை அது பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விக்கு வேதியியல் தெரிந்த மாடல்தான் வேண்டும். அதுவும் சரியான காரணத்தோடு சரியான விடை சொல்லும் மாடல்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வழக்கு முழுக்க இருக்கிறது. கணக்குப் பரீட்சையில் இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிடும் பார், அது இந்தத் துறையில் பல வருஷம் நடந்திருக்கிறது. பழைய மாடல்கள் வண்டிப்புகையில் வரும் எண்ணெய்ப் பிசுக்கைக் கல் மாதிரி நினைத்தன. குழாயில் வந்த அளவு அப்படியே கடைசி வரை துகளாக இருக்கும் என்று. உண்மையில் அது அந்துருண்டை ஜாதி. காற்றில் விரவ விரவ ஆவியாகும். அந்த ஆவி வெயிலில் வெந்து, கனமாகி, மறுபடி துகளாகத் திரும்பி வரும். 2007இல் ராபின்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதனையில் காட்டினார்கள். பழைய மாடல்களில் நேரடிப் புகை அதிகம், திரும்பி வரும் துகள் குறைவு. இரண்டையும் கூட்டினால் மொத்தம் கிட்டத்தட்ட அளவீட்டோடு பொருந்தும்! எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த மாடலிடம் "சைலன்சரைச் சரிசெய்தால் போதுமா, ஆவியையும் தடுக்க வேண்டுமா?" என்று கேட்டுப் பார், தப்பான ஆளைப் பிடித்துக் கொடுக்கும்.

இதைச் சரிசெய்ய 2006இல் டோனஹ்யூ என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஒரு வழி சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கரிமப் பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், எவ்வளவு சுலபமாக ஆவியாகும் என்பதை வைத்துப் படிப்படியாக அடுக்குவது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். வெயில் ஏற ஏறச் சிலது மேல்படிக்குப் போகும், வெந்தது கீழ்ப்படிக்கு இறங்கும். ஆனால் அந்தப் படிகளை அளந்தவர்கள் பெரும்பாலும் குளிர்தேச ஆய்வகங்களில் அளந்தார்கள். நம் மே மாத 40 டிகிரிக்கு அதே படிகள் செல்லுமா? நெய் ஊட்டியில் கட்டி, இங்கே தண்ணீர். நீ கை வைக்க இது ஒரு நல்ல இடம்.

இன்னொன்று அளவுப் பிரிவு. 10 மைக்ரான் துகள் ஒன்றும் 0.1 மைக்ரான் துகள் பத்து லட்சமும் ஒரே எடை. எடையை மட்டும் சரியாகச் சொல்லும் மாடல் எண்ணிக்கையில் கோட்டை விட்டிருக்கலாம். அதற்காகத் துகள்களை அளவுவாரியாகப் பிரித்து வைக்கிறார்கள், நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. டபிள்யூஆர்எஃப்-கெம்மில் 'மொசைக்' என்ற பகுதி 0.04 முதல் 10 மைக்ரான் வரையுள்ளதை நாலு அறையாகவோ எட்டு அறையாகவோ வைக்கும். அறை குறைந்தால் கணக்கு வேகம். ஆனால் கொஞ்சம் வளர்ந்த துகள்கூட அடுத்த பெரிய அறைக்குத் தாவிவிடும். கடுகு வளர்ந்து மிளகானதாகக் கணக்கு எழுதும். எட்டு அறைக்குக் கணினி நேரம் வேண்டும். உன் கல்லூரி சர்வரில் இரவெல்லாம் வரிசையில் நிற்க நீ தயாரா என்று பார்த்துக்கொள்.

சென்னைக்கென்று ஒன்று சொல்லட்டுமா? கடல் உப்பு. அலை நுரையிலிருந்து கிளம்பும் உப்பு, காற்றின் வேகம் இரட்டித்தால் சுமார் பத்து மடங்கு ஆகும். அப்படியென்றால் காற்று வேகத்தில் மாடல் செய்யும் சின்னத் தப்பு உப்பில் பெரிய தப்பாகிவிடும். கரையில் மோதி உடையும் அலை தனிக் கணக்கு. உலக அளவிலான மாடலுக்கு மெரினா என்பது அரைப் பெட்டிகூட இல்லை, அதனால் அந்தக் கணக்கே விட்டுப் போகலாம். இன்னும் ஒரு முடிச்சு. வண்டிப்புகையிலிருந்து வரும் நைட்ரிக் அமிலம் டெல்லிக் குளிரில் அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாக உட்காரும். நம் சூட்டில் அந்த அம்மோனியம் நைட்ரேட் நிலைக்காது. அமிலம் பெரிய உப்புத் துகளில் போய் ஒட்டி, குளோரைடை வெளியே விரட்டிவிட்டுச் சோடியம் நைட்ரேட்டாக உட்கார்ந்துகொள்ளும். நைட்ரேட்டை நுண்துகளில் மட்டும் தேடும் மாடல் அதைத் தப்பான அறையில் போடும். டெல்லிக்குத் தைத்த சட்டையை இங்கே மாட்டாதே என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அளவீட்டையும் கண்ணை மூடி நம்பாதே. அதே அம்மோனியம் நைட்ரேட் எங்கள் தாளிலிருந்தும் ஆவியாகிப் போகும். மே மாதம் மொட்டை மாடி இயந்திரத்தில் 24 மணி நேரம் கிடந்த தாளை, மதியம் எடுக்காமல் சாயங்காலம் வரை விட்டால் எடை குறையும். அந்தத் தாளோடு பொருந்தவில்லை என்று ஒரு மாடலைத் திட்டினால், உண்மையில் திட்டு வாங்க வேண்டியது அன்று டீ குடிக்கப் போன ஆள்தான்.

ஆக, ப்ராஜெக்டுக்கு என் யோசனை: மொத்த பிஎம் 2.5 எண்ணோடு ஒப்பிட்டு நிறுத்திவிடாதே. சல்பேட், நைட்ரேட், குளோரைடு, கரி, கரிமம் என்று பிரித்து அளந்த ஏதாவது ஒரு சென்னைத் தரவைப் பிடி. இரண்டு வாரத் தரவு கிடைத்தாலும் போதும். ஒவ்வொன்றிலும் மாடல் எங்கே சறுக்குகிறது என்று பார். மொத்தம் பொருந்தி, உள்ளே பொருந்தாமல் இருந்தால் அதுதான் உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம். வழிகாட்டி முகம் சுளிப்பார். பொருந்தாத படத்தை யார் விரும்புவார்கள்? விடாதே.

*

"தினமும் காலை ஐந்து மணிக்கு மெரினாவில் நடக்கிறேன். நல்லதா, ஏழு மணிக்கு மாற்றவா?" – திருவல்லிக்கேணி வாசகி

கோடையில் ஐந்து மணியே இருக்கட்டும், ஏழுக்கு வெயில் கொன்றுவிடும். மார்கழி, தையில் மட்டும் வெயில் ஏறியபிறகு போங்கள். அந்த மாதங்களின் விடிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று ஊரின் ராத்திரிப் புகையைத் தாழ்வாகத் தள்ளிக்கொண்டு உங்கள் தலைக்கு மேலேதான் வருகிறது. சாலையை ஒட்டிய நடைபாதையை விட்டு மணலில் இறங்கி நடங்கள். மூக்குக்கண்ணாடியில் உப்பு படிந்தால் பரவாயில்லை. கறுப்பாகப் படிந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.